மஞ்சள் தடவிய டிக்கெட்

பாட்டில் வயலின் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். குரல் வருகிறது, தபேலா வருகிறது, வயலின் மட்டும் காணோம் என்றார். கடைக்காரர் பாட்டைப் போட்டுக் காட்டினார். எனக்கு வயலின் நன்றாகக் கேட்டது. கடைக்காரருக்கும் கேட்டது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனித்துவிட்டார்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கல் கிரஷரில் அவருக்கு ஆபரேட்டர் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த இரைச்சலில்தான் நிற்கிறார். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றால் சிரிப்பார். திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர், வலது காது போனது போனதுதான், இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது, பஸ் பாடாலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நேர்ல அத்தன பேரு சேந்து வாசிச்சா, வயலின் கேக்கும்ல?"

கேட்கும் என்றேன். வேறென்ன சொல்ல?

சின்ன வயதிலிருந்து அவர் கேட்டு வளர்ந்தது ஒரே ஓர் இசையமைப்பாளரின் பாட்டுகளை. எங்கள் வீட்டில் சாமி பாட்டுக்கு அடுத்தபடி அந்த மனுஷன்தான். அவரே முழு வாத்தியக் குழுவோடு திருச்சிக்குக் கச்சேரிக்கு வருகிறார் என்று தெரிந்தபோது, எப்படியாவது போய்விடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த கச்சேரி எப்போது வருமோ, அதுவரை இந்தக் காது இருக்குமோ இருக்காதோ.

டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். விற்பனை தொடங்கிய காலையில் என் தையல் கடையில் மெஷின் மேல் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்று போன் சொன்னது. காத்திருந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன். அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று வந்தது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அதே டிக்கெட்டுகள் வேறு இடத்தில் நான்கு மடங்கு விலையில் வரிசை கட்டி நின்றன. எனக்கு வயிறு எரிந்தது. பாட்டு கேட்கிறவனா இத்தனை டிக்கெட்டை அள்ளினான்? மளிகைக் கடையில் சர்க்கரையைப் பதுக்கினால் கேட்க ஆள் உண்டு, இதைக் கேட்க நாதியில்லையா என்று கத்தரிக்கோலைப் போட்டு உடைக்காத குறை.

விடும்மா, யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். யூடியூபில் வயலின் வருமா என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அரியலூரில் இருக்கும் என் தம்பி எங்கோ விசாரித்து ஒரு நம்பர் அனுப்பினான். பேசியவன் தேன் ஒழுகப் பேசினான். "ஒரிஜினல்தான்க்கா. பக்கத்துப் பக்கத்து சீட்டு. நம்பி வாங்குங்க." தீபாவளித் தையலில் வந்ததையெல்லாம் அவனுக்கு அனுப்பினேன். இரண்டு டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தது. அவனோடு பேசியதெல்லாம் ஒரு நாளில் தானாக அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஜெராக்ஸ் கடை நம்பருக்கு அதைத் தள்ளிவிட்டு, கலரில் பிரிண்ட் எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது எங்கள் பக்கத்தில் யாரும் செய்வதுதான். வீட்டுக்கு வரும் நல்ல காகிதம் எதுவானாலும், கல்யாணப் பத்திரிகையோ வண்டி ஆர்சி புத்தகமோ, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து சாமி படத்தடியில் ஒரு ராத்திரி இருக்க வேண்டும். டிக்கெட்டுக்கும் அப்படியே செய்தேன். காலையில் எடுத்துப்போய், கசங்காமல் இருக்கட்டும் என்று இரண்டையும் லேமினேஷன் போட்டேன். ஸ்கேன் பண்ணுகிற அந்தக் கறுப்புக் கட்டம் ஒரு மூலையில் இருந்தது. அதன் மேல் என் கட்டைவிரல் அளவு மஞ்சள்.

கச்சேரி அன்று வெளிச்சம் இருக்கும்போதே மைதானத்துக்குப் போய்விட்டோம். கேட்டில் அப்படியொரு கூட்டம். எங்கள் முறை வந்ததும் கறுப்பு டீ ஷர்ட் போட்ட ஆள் மெஷினை நீட்டினார். சத்தமே இல்லை. சாய்த்துக் காட்டச் சொன்னார். திருப்பிக் காட்டினேன். என்னம்மா இது மஞ்சளா இருக்கு என்றார். முந்தானையால் தேய்த்தேன். மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கிறது, வெளியே தேய்த்து என்ன பயன்? பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். போனில் காட்டு, இல்லையென்றால் ஓரமாக நில் என்றார் அந்த ஆள். போனைத் திறந்தால் விற்றவனின் பேச்சு இருந்த இடம் துடைத்த மாதிரி இருந்தது.

என்ன நடக்கிறது என்று என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. அத்தனை கூச்சலில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குக் கேட்கவும் இல்லை. என் முகத்தையும் அந்த ஆள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மைக் சோதிக்கிற சத்தம் வந்தது. அப்போதுதான் ஜெராக்ஸ் கடை ஞாபகம் வந்தது. அந்தக் கடை நம்பருக்கு நான் அனுப்பியது என் போனிலேயே இருக்குமே. பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் தள்ளித் தள்ளித் தேடினேன். கிடைத்தது.

முதல் டிக்கெட்டுக்கு மெஷின் பச்சை காட்டியது. எனக்கு உயிர் வந்தது. இரண்டாவதுக்குச் சிவப்பு.

"இந்த டிக்கெட்ல ஆள் உள்ள போயாச்சும்மா. எவன்ட்டயாச்சும் வெளிய வாங்குனியா?"

ஒரே டிக்கெட்டை அவன் இன்னொருவருக்கும் விற்றிருக்கிறான். என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவரோ விஷயம் புரிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தார், வா போகலாம் என்று. கேட்டை மூடப் போகிறோம் என்றார்கள். நான் அவருடைய இடது காதோடு வாயை வைத்துக் கத்தினேன்.

"நீங்க போங்க. கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க. போவலன்னா நான் இங்கயே உக்காந்து அழுவேன்."

போனார். நாலு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மதில் ஓரம் ஒரு டீ வண்டி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். என் சீட்டில் உட்கார்ந்திருப்பவரை மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்தது. மதிலுக்கு இந்தப் பக்கமே அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அத்தனை வயலினும் ஒன்றாக எழும்பியபோது, இது அவருக்குக் கேட்டிருக்கும், கட்டாயம் கேட்டிருக்கும் என்று சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அப்போது என் போன் அடித்தது. அவர்தான்.

எடுத்தால் அதே பாட்டு போனுக்குள் ஒரு நொடி பின்தங்கிக் கரகரவென்று வந்தது. எனக்குக் கேட்கட்டும் என்று போனை மேடைப் பக்கம் தூக்கிப் பிடித்திருக்கிறார். போனை வைங்க, நீங்க கேளுங்க என்று கத்தினேன். அவர் காதில் எங்கே விழும்? கட் செய்தேன். திரும்பக் கூப்பிட்டார். மறுபடி கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டார். இப்படியே போனால் ஒரு பாட்டையும் கேட்கமாட்டார் என்று, எடுத்து அப்படியே விட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் அவர் குரல் வந்தது. "பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு. உடையார்பாளையமாம். இதும் அவன்ட்டதான் வாங்கிருக்கு. பாவம், அழுவுற மாதிரி இருக்கு." அவ்வளவு நேரம் திட்டியது யாரை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசினார்.

"வயலின் வருது. ஒனக்குக் கேக்குதா?"

கேக்குதுங்க என்றேன்.

"கேக்குதா?"

டீ வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொன்னேன். அது அவருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. சரி சரி, அடுத்த பாட்டு வருது என்றார். மதிலுக்கு மேலே பாட்டு தெளிவாக வந்துகொண்டிருந்தது. கச்சேரி முடியும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.