பந்தயத்தோடு பிணைத்த குடிநீர்க்குழாய்

1. சிறிய வேலை

அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு பொறியியல் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மனாகச் சேர்ந்தேன். முதல் நாள் என் பலகைமேல் விரிக்கப்பட்டது, தாராவியில் ஒரு சந்துக்கான வரைபடம். நாலங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, அதன் முனையில் இரண்டு பொதுக் குழாய்களை நிறுத்த வேண்டும். எஸ்டிமேட் முடிந்து, சாங்ஷனும் ஆகிவிட்டது. அதனை டிரேசிங் துணியில் மையால் படியெடுப்பதே எனக்கு இட்ட பணி.

அளவுகளைச் சரிபார்க்க நேரில் சென்றேன். சந்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையினர். ஆண்கள் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தனர். பெண்கள் பலர் இட்லி அவித்து விற்றனர். தண்ணீருக்கு இருப்புப்பாதையைக் கடந்து, அப்பாலுள்ள குடியிருப்பின் குழாயடிக்குச் செல்ல வேண்டும். இட்லி வணிகம் செய்த சண்முகத்தாய் என்னும் அம்மையாரின் மருமகள், தலையில் குடத்துடன் தண்டவாளத்தைத் தாண்டுகையில் வண்டியில் அடிபட்டு ஒரு காலை இழந்திருந்தாள். அதன்பின் அந்தக் குடம் சண்முகத்தாயின் மகள் தலைக்கு மாறியிருந்தது.

நான் டேப்பை விரித்ததும் சண்முகத்தாய் எதிரே வந்து நின்றார்.

“சார்வாள், அளக்கது இருக்கட்டும். தண்ணி எப்ப வரும்? அதச் சொல்லுங்க.”

“மழைக்கு முன்னால வந்துரும்மா. வேலை பாஸாயிருச்சு.”

தோற்பை தைக்கும் பட்டறை வைத்திருந்த மைதீன் பாய் வாசலிலிருந்தே சிரித்தார். “எலெக்சனுக்கு எலெக்சன் இதத்தான் சொல்லுதாவ. ஆனா தாயி, இவரு கையில டேப்பு இருக்கு. முன்னால வந்தவன் பூரா மைக்குல்லா வச்சிருந்தான்!”

சந்து முழுதும் சிரித்தது. சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. நான் பிடித்திருந்த டேப்பின் மறுமுனையை வாங்கி, தம் வாசற்படியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

2. பெரிய திட்டம்

படி எடுத்து முடிக்கும் தறுவாயில், ஆசிய நாடுகள் கூடும் பல்விளையாட்டுப் பெருவிழாவை நம் நகரில் நடத்த உரிமை கோருவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. கோரிக்கையின் அடிப்படை வாதம் வளர்ச்சி. சதுப்பு நிலத்தைத் தூர்த்து அரங்கம் எழுப்பலாம். செம்பூரில் வீரர்களுக்குக் குடியிருப்பு அமைக்கலாம். சாலையும் பாலமும் வந்தால் காட்கோபர், பாண்டுப் வரை கிழக்குப் பகுதி முழுவதும் உயர்ந்துவிடும் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் அனைவரும் அதனை மெய்யாகவே நம்பினோம்.

எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயர் ராமநாதன், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், தொழிலில் தேர்ந்தவர். ஒரு காலை என்னை அழைத்தார்.

“ஓய், கிழக்குப் பக்கம் பெண்டிங்ல இருக்கற வேலை அத்தனையையும் எடுத்துண்டு வாரும். எல்லாத்தையும் கேம்ஸ் ஸ்கீம்ல சேர்த்துடப் போறோம்.”

“சார், அந்தத் தாராவிச் சந்து வேலை ஏற்கெனவே பாஸானது. அத மட்டும் தனியா விட்டுறலாமே?”

“இப்போ நாலங்குலத்தைப் போட்டுட்டு, நாளைக்கு ஸ்டேடியத்துக்கு டிரங்க் மெயின் போறச்சே மறுபடியும் ரோட்டைத் தோண்டுவீரா? ஒரே தடவை தோண்டினாப் போறும். அவாளுக்கும் பெரிய குழாய்லேர்ந்து தண்ணி வரும். கெடுதலா என்ன?”

பொறியியல் நோக்கில் அது பிழையற்ற வாதம். அதனாலேயே அதனை எதிர்ப்பார் எவருமில்லை. சந்தின் குழாய் அன்று தன் பெயரை இழந்தது. பெருங்குழாயின் கிளைகளுள் ஒன்றாகப் புதிய வரைபடத்தில் மெல்லிய கோடாக அதனை நானே வரைந்தேன்.

செய்தியைச் சொல்லச் சென்றபோது வசைச்சொல் கேட்க நேருமென்று அஞ்சினேன். அவர்களோ மகிழ்ந்தார்கள்.

“நம்ம சந்துக்கு ஒலகமே வருதுங்கீயளா?” என்றார் மைதீன் பாய். “ஏ தாயி, நீயும் பேரக் குடுத்துரு. ரயிலுக்கு முன்னால கொடத்தோட ஓடுத ஆளு ஆசியாவுலயே வேற யாரு இருக்கா?”

“ஓடுவேன் பாய். மெடலுக்குப் பதிலா பைப்பு குடுக்கச் சொல்லுங்க” என்றார் சண்முகத்தாய். பின் என்னிடம் தணிந்த குரலில், “மழைக்கு முன்னால வராதுல்லா, சார்வாள்?” என்று கேட்டார்.

வராது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

3. விருந்தினர்

மழைக்காலம் கழிந்தபின், இடத்தை நேரிற் காண அயல்நாட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. அரங்கம் அமையவிருந்த சதுப்பு நிலத்தோடு, விழாவால் உயர்வு பெறவிருக்கும் பகுதி ஒன்றையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். ராமநாதன் அந்தத் தாராவிச் சந்தினையே தெரிந்தெடுத்தார்.

“தண்ணிக்கு அந்த ஜனங்கள் படற கஷ்டத்தை அவா கண்ணால பாக்கணும். நீர் போய், விருந்தாளிகள் வரான்னு மட்டும் சொல்லும். ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீர். இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்.”

அவ்வாறே சொல்லிவிட்டு வந்தேன். விருந்தாளி என்னும் சொல்லைக் கேட்டபின் அச்சந்து இருந்தபடியே இருக்கும் என்று நாங்கள் இருவரும் எவ்வாறு எண்ணினோமோ அறியேன்.

மறுநாட் காலை வண்டிகள் நின்றன. சாக்கடைமேல் பலகையிட்டு மணல் பரப்பியிருந்தார்கள். மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். இரு மருங்கிலும் வாசலுக்கு வாசல் கோலமிட்டு, அதன் நடுவே குடம் வைத்திருந்தார்கள். பித்தளைக் குடமும் மண்குடமும் கடன் வாங்கிய எவர்சில்வர் குடமுமாக, அத்தனையும் விளிம்பு தட்ட நிறைந்து நின்றன. சண்முகத்தாய் புதுச் சேலையுடன், கைகூப்பி முதல் வாசலில் நின்றார்.

குழுவின் தலைவர் ஒரு குடத்தின் அருகே குனிந்து பார்த்தார். நீரில் அவர் முகம் தெரிந்திருக்கும். நிமிர்ந்து, இங்கே தண்ணீருக்குக் குறையொன்றும் இல்லையே, மக்களும் மனநிறைவோடு இருக்கிறார்களே என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். எங்கள் அலுவலகத் தலைவர், நாங்கள் சீஃப் என்று அழைத்தவர், மகிழ்ந்து தலையசைத்தார். நான் ராமநாதனை நோக்கினேன். அவர் வாய் திறந்தார், சீஃபின் முகத்தைக் கண்டார், புன்னகை செய்தார். டிராப்ட்ஸ்மன் வாய் திறக்கும் இடமன்று அது. கழுத்தில் மாலைகளோடு அவர்கள் வண்டியேறினார்கள்.

வண்டிகள் சென்றபின் சண்முகத்தாயிடம் கேட்டேன். “இவ்வளவு தண்ணி எங்கம்மா கிடைச்சுது?”

“நேத்துப் பூரா எம்மவளும் நானும் லைனத் தாண்டித் தாண்டிக் கொண்டாந்தோம். ஒவ்வொரு வீட்டுலயும் அப்படித்தான். கால் கடுத்துப் போச்சு.”

“வெறுங்குடமா இருந்திருந்தா நல்லாருந்திருக்குமேம்மா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களும் நம்ம பக்கத்து ஆளுதானே சார்வாள்? வாசலுக்கு வாரவுகள வெறுங்கொடத்த வச்சா வாங்கன்னு சொல்லுவாவ? அத விட நாண்டுக்கிட்டுச் சாகலாம்.”

என் தாயும் அதனையே சொல்லியிருப்பார்.

4. விழா வரவில்லை

உரிமை வேறொரு நகருக்குச் சென்றது. ஸ்கீமை மூடிக் கட்டினார்கள். அரங்கமும் பாலமும் முன்பு இருந்ததில்லை. ஆதலால் அவற்றை இழந்தாரும் இல்லை. முன்பே உறுதியாகியிருந்த ஒன்றை இழந்தது அந்தச் சந்து மட்டுமே.

பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு ராமநாதனின் அறைக்குச் சென்றேன்.

“இது முன்னாடியே பாஸானது சார். திரும்பப் போட்டுறலாம்.”

“பாஸானது காலாவதி ஆயாச்சு ஓய். இனிமே புதுசா ஆரம்பிக்கணும். தண்ணிக் கஷ்டம் உண்டுன்னு சீஃப் ஒத்துக்கணும். அவர்தான் வாசலுக்கு வாசல் குடம் ரொம்பி நின்னதைப் பாத்துட்டாரே!”

“அது வழக்கம் சார். உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியாமலா? எங்காத்துக் கல்யாணத்துலயும் வெப்போம்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவர் சிரிச்சார், நானும் சிரிச்சேன். இப்போ போய் அந்தத் தண்ணி சுமந்துண்டு வந்த தண்ணின்னு சொன்னா, அன்னிக்கு எங்கே போனேன்னு என்னைக் கேப்பார். அடுத்த வருஷம் பாப்போம்.”

அவர் தீயவர் அல்லர். அடுத்த ஆண்டு நினைவூட்டினேன். அப்போதும் அடுத்த ஆண்டு என்றார். அதன்பின் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், எந்தச் சந்து என்று கேட்டார்.

முதல் மறுப்பைத் தெரிவிக்கச் சென்ற நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மைதீன் பாய் தைத்துக்கொண்டிருந்த பையிலிருந்து தலை நிமிரவில்லை. சண்முகத்தாய் இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய நீரைக் கீழே ஊற்றாமல் மற்றொரு ஏனத்தில் சேர்த்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

“அடுத்த பந்தயம் எப்ப வருது சார்வாள்?”

“தெரியலம்மா.”

“வந்தாச் சொல்லுங்க. அதுக்குள்ள வாசல்ல வெறுங்கொடம் வைக்கப் படிச்சுக்கிடுதோம்.”

சினத்துடன் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றைக் குறித்துக்கொள்பவர் போல் அமைதியாகச் சொன்னார்.

இத்துறைக்கு வரும் இளைஞர்க்கு நான் கூறக்கூடியது இதுவே. பெருவிழாவின் பெயரால் ஒரு வட்டாரத்தையே உயர்த்தப் போவதாக உங்கள் பலகைமேல் தாள் விரிப்பார்கள். அதிலுள்ள கோடுகளுள், விழா வந்தாலும் வாராவிடினும் மக்களுக்குச் சேர வேண்டியவை எவை என்று முதலில் பாருங்கள். அவற்றை வெளியே எடுத்து, முதலில் மண்ணில் பதித்துவிடுங்கள். கோரிக்கை மெலிந்துவிடும் என்பார்கள், மெலியட்டும். நான் பின்னாளில் பதவி உயர்ந்து, கூட்டங்கள் பலவற்றில் இதனைச் சொன்னேன். ஒரே தடவை தோண்டினால் போதாதா என்று ஒவ்வொரு முறையும் எவரேனும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவர் வாதமே வென்றது.

அந்தச் சந்துக்குக் குழாய் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. காணச் சென்றபோது இட்லிக் கடையில் சண்முகத்தாய் இல்லை, வேறொருவர் இருந்தார். சண்முகத்தாயின் மகளைப் பற்றி விசாரித்தேன். குழாய் வருமுன்பே, குடத்தோடு தண்டவாளத்தைத் தாண்டுகையில் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டாள் என்றார் கடையில் இருந்தவர். அதைக் கேட்டபின், மீண்டும் அந்தச் சந்துக்கு நான் போகவில்லை.