டெய்லரம்மா தள்ளிவிட்ட ராஜா

சீட்டைக் கையில் எடுத்ததும் எதைத் தள்ளிவிடலாம் என்றுதான் டெய்லரம்மா முதலில் பார்ப்பார். அவர் வீட்டுப் போக்கரில் ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரு சுற்றுப் பந்தயம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டை இடப்பக்கத்து ஆளிடம் கவிழ்த்துக் கொடுத்தாக வேண்டும். பிறகு இன்னொரு சுற்று, அதற்கப்புறம்தான் காட்டுவது. "வர்ற சீட்டு தலையெழுத்து. குடுக்குற சீட்டுலதான் நம்ம மூளை இருக்கு" என்பார்.

பந்தயம் சட்டைப் பொத்தான்களில். ரெடிமேட் கடையின் பின்னறையில் ஊரார் பேன்ட்டுகளைப் பிடிப்பதும் விடுவதுமாக நாளைக் கழிப்பவர் வீட்டில் பொத்தானுக்கா பஞ்சம்? ஞாயிறு மாலை அவருடைய அண்ணன், அண்ணியோடு வந்துவிடுவார். லாரி ஓட்டுபவர், சீட்டாட்டத்திலும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வருவார். படம் போட்ட சீட்டில் ஒரு ஜோடி சேர்ந்தால் போதும், மனிதரைப் பிடிக்க முடியாது.

ஆட்டம் முடியும்போது யாரிடம் பொத்தான் அதிகமோ, அவர் ஒரு விதியை மாற்றலாம். முன்பு ஒருமுறை அண்ணன் மேசையைத் தட்டிப் பந்தயத்தை ஏற்றிவிட்டு, தோற்றதும் "கொசுவ அடிச்சேம்ப்பா" என்று கையை விரித்தார். அன்று ஜெயித்த டெய்லரம்மாவின் வீட்டுக்காரர் கொதித்துப்போய் ஒரு விதி போட்டார்: வாயால் சொன்னால்தான் செல்லும்.

அந்த வாய்க்குத்தான் இப்போது குரல் இல்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. "மாப்ள, நீங்க தட்டுங்க, நாங்க புரிஞ்சுக்கறோம்" என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். மனிதர் தலையாட்டி மறுத்துவிட்டார். தான் போட்ட விதியைத் தனக்காகவே வளைப்பதா? நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அதைக் காண டெய்லரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

ஜெயித்துத்தான் அந்த விதியை மாற்றுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அண்ணன் வேண்டுமென்றே தோற்பார். அந்தப் பிச்சையை வீட்டுக்காரர் தொடமாட்டார். வாராவாரம் தோற்றார். ஊசியில் நூல் கோக்கும்போதுகூட அண்ணனின் ஆட்டத்தையே மனதில் ஓட்டிப் பார்த்தார்.

போன ஞாயிறு கடைசி ஆட்டத்தில் அவர் கையில் மூன்று ஏழு, ஒரு ராஜா, ஒரு நான்கு. வேறு யாராக இருந்தாலும் நான்கைத்தான் தள்ளியிருப்பார்கள். டெய்லரம்மா ராஜாவை எடுத்து இடப்பக்கம் இருந்த அண்ணனிடம் கொடுத்தார். அவரிடம் ஒரு ராஜா இருந்தால் ஜோடி சேர்ந்து துள்ளுவார். அங்கே ஏற்கெனவே இரண்டு ராஜா இருந்தால் மூன்றாகிவிடும், கதை கந்தல். ஆனால் அப்படி இருந்திருந்தால் அண்ணன் முதல் சுற்றிலேயே ஊரைக் கூட்டியிருப்பார், அன்று கப்சிப்.

சீட்டைத் திருப்பிப் பார்த்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏத்துறேன். இருக்கறது பூரா!" அண்ணி சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிக்கொண்டார்.

"பாக்குறேண்ணா" என்று டெய்லரம்மாவும் அதே அளவு பொத்தானை நடுவே வைத்தார்.

அண்ணனிடம் இரண்டு ராஜா. மூன்று ஏழின் முன்னால் அது எம்மாத்திரம்! அன்று அதிகப் பொத்தான் டெய்லரம்மாவிடம்தான். "அடிப்பாவி, நீதானே ராஜாவ குடுத்தே!" என்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இனிமே மேசையத் தட்டினாலும் செல்லும்." டெய்லரம்மா விதியை மாற்றினார். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் எனக்கு விட்டுக்குடுக்கல. நீங்களே பாத்தீங்க."

வீட்டுக்காரர் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தார். தோற்ற எரிச்சல் அதில் அப்பட்டமாக இருந்தது. நாற்காலி மேசைக்கு வந்தது.

அண்ணன் விடுவாரா? உடனே பொத்தான்களை மறுபடி பங்கிட்டு நால்வருக்குச் சீட்டுப் போட்டார். டெய்லரம்மா பந்தயம் கட்டியதும் வீட்டுக்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார், பொத்தான்கள் துள்ளின. தன் பங்கு முழுவதையும் முன்னே நகர்த்தினார். "பாவம்மா, மொத ஆட்டம், விட்டுக்குடு" என்று அண்ணி காதைக் கடித்தார்.

டெய்லரம்மா தன் குவியலை இரு கைகளாலும் நடுவே தள்ளினார்.

"பாக்குறேன். காட்டுங்க."