கெயிலாவுக்குப் பஸ் போகாது

1. மோர்டென்ஸ்ருட் கூட்டம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஐரோப்பிய நகரில், ட்வெய்ட்டா என்ற பகுதியில் ஒரு பயண முகவர் நிலையத்தில் வேலை செய்தேன். எங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்களைப் புனித நாட்டுக்குக் கூட்டிப்போகும் டூர் லீடர் நான்தான், தூத்துக்குடியிலிருந்து செல்வின் எங்கள் நிலையத்தில் வேலைக்கு வந்து சேரும்வரை.

அந்த வருடப் பயணிகளுக்கான கூட்டத்தை மோர்டென்ஸ்ருட்டில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். செல்வின் மைக்கைப் பிடித்துக் கெயிலாவின் கதையைச் சொன்னார். பெலிஸ்தியர் கொள்ளையடித்த சிற்றூர். அரசன் சவுலுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருக்கும் தாவீது போய்ச் சண்டையிட்டு அதை மீட்கிறான். பிறகு, "இந்த ஊரார் என்னைச் சவுலிடம் பிடித்துக் கொடுப்பார்களா?" என்று கடவுளிடம் கேட்கிறான். "கொடுப்பார்கள்" என்று பதில் வருகிறது. தாவீது தன் ஆட்களோடு வெளியேறிவிடுகிறான்.

அவர் வேலைக்கு வந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே நான் அவருக்குச் சொன்ன கதை அது. அவர் சொன்னபோது மண்டபமே முன்னால் சாய்ந்து கேட்டது.

"தம்பி, அந்த ஊருக்குப் போவமோ?" என்று பிலோமினா அக்கா கேட்டார். முந்திய பயணத்தில் அவருடைய பாஸ்போர்ட் தொலைந்தபோது அம்மான் விமான நிலையத்தில் இரவெல்லாம் கூட இருந்தவள் நான்.

"கண்டிப்பா போறோம்மா!" என்றார் செல்வின்.

எங்கள் பஸ் அங்கே போகாது. எனக்கு அது தெரியும். நான் எழுந்து தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் போனேன்.

2. முதலாளியின் முடிவு

அடுத்த நாள் முதலாளி கூப்பிட்டார். "ரெஜினா, சனம் செல்வினைத்தான் கேக்குது. இந்தமுறை அவர் போகட்டும். நீர் இஞ்சை ஒபிஸைப் பாரும்."

"ஆர் கேட்டது?"

"பிலோமினாதான் முதல் கேட்டவ."

போகட்டும், அங்கே போய்ப் பஸ்ஸுக்குள் எல்லோர் முன்னாலும் முழிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனிப்பாகவே இருந்தது. ஆனால் முழிக்கப்போவது அவர் மட்டுமல்ல. கெயிலாவைப் பார்க்கலாம் என்று நம்பி வருகிற சனமும்தான். பின்னேரம் அவருடைய மேசைக்குப் போனேன்.

"செல்வின், கெயிலாவுக்கு எங்கட பஸ் போகாது. அங்கை இப்ப ஒரு மண்மேடுதான் கிடக்கு. எல்லாருக்கும் இண்டைக்கே சொல்லும்."

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா, மானம் போயிடுமே!"

"போகாது. ஏலா பள்ளத்தாக்கிலை பஸ் நிக்கும். இறங்கி, தென்கிழக்கு மலைப்பக்கம் கையைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லும். தூரத்திலை இருந்து பாத்தால் போதும்."

அது அந்தப் பயணத்துக்கென்று நான் எனக்காக எடுத்து வைத்திருந்த இடம்.

3. வாட்ஸ்அப்

ஏலாவிலிருந்து பிலோமினா அக்காவின் குரல்பதிவு வந்தது. "பிள்ளை, செல்வின் தம்பி மலையைக் காட்டிக் கதைச்சார். எல்லாருக்கும் அழுகை வந்திட்டுது. என்ன மாதிரி யோசிச்சு இடம் பிடிச்சிருக்கிறார்!"

"ஓம் அக்கா, நல்ல கெட்டிக்காரன்" என்று பதில் போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொறாமை அடங்கட்டும், பிறகு சரியானதைச் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்னும் அடங்கவில்லை.