கழுவாமல் கொண்டு வாருங்கள்

சனிக்கிழமை மாலை கடையைப் பூட்டும்போது, "திங்கக்கெழம ஒண்ணு காட்டுறேன் மேடம், அசந்துபோயிடுவீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாஸ் சார் மொபெட்டை எடுத்துக்கொண்டு செம்மண்டலத்து வீட்டுக்குப் போனார். ஞாயிறு காலை அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். தேவாலயத்துக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொள்ள வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள். அவள் அழுதுகொண்டிருக்க, அவர் காட்டுவதாகச் சொன்னது என்னவாக இருக்கும் என்று என் மனம் ஒரு கணம் யோசித்தது. அன்று முழுவதும் அதற்காக வெட்கப்பட்டேன். இப்போது அந்த வெட்கம் இல்லை. அவர் உயிரோடிருந்து, வேறு யாரோ இறந்திருந்தால், அவரும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மில், பட்டறை, மோட்டார் என்று பிழைக்கும் உங்களில் பலருக்கு ஆரோக்கியதாஸைத் தெரிந்திருக்கும். கடலூரில் அப்பாவின் பேரிங் கடையை நான் பொறுப்பெடுத்த இரண்டாயிரத்து நான்காம் வருடம், விற்பனையாளராக வந்து சேர்ந்தார். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். நான் இயற்பியல் படித்தவள். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரங்களில் எங்கள் இருவருக்கும் பெரும்பாலும் சண்டைதான். சண்டையின் பொருள் எப்போதும் ஒன்றே: இந்த இடத்துக்கு எந்த மூடி?

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குள் குண்டுகள் இருக்கும், கிரீஸ் இருக்கும். அவற்றைக் காக்க இரு பக்கமும் மூடி போட்டு வருவதுண்டு. ஒரு வகை மெல்லிய தகடு. அது உள் வளையத்தைத் தொடாது, நூலிழை இடைவெளி விட்டு நிற்கும். இன்னொரு வகை ரப்பர். அதன் உதடு உள் வளையத்தில் உரசிக்கொண்டே இருக்கும். "ரப்பரு தொட்டுக் காக்கும், தகடு தொடாம காக்கும்" என்பார் தாஸ் சார். தொட்டுக் காப்பதுதான் பத்திரம் என்பது என் கட்சி. "தொட்டுக்கிட்டே இருந்தா சூடு ஏறும் மேடம்" என்பது அவருடைய பதில்.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் என் கட்சிதான். ஒருமுறை சிப்காட்டிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர், கியர் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் போட்டதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "அதான ஒசத்தி?" என்றார்.

"ஒசத்திதான். ஆனா அவன் எண்ணெயிலயே முங்கிக் கெடக்கிறவன் சார். அவனுக்கு எதுக்கு ரெயின்கோட்டு?" என்று சொல்லி, மூடியே இல்லாத பேரிங்கை எடுத்து வைத்தார் தாஸ் சார்.

அவர் யாரிடமும் முதலில் அளவு கேட்கமாட்டார். "பேரிங்க அப்புறம் பாப்பம். வெளிய என்னா இருக்கு, அதச் சொல்லுங்க" என்பார். தூசியா, தண்ணீரா, சூடா, உப்புக் காற்றா என்று விசாரித்த பிறகே அலமாரியைத் திறப்பார். அவசரத்தில் வந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கே சில நாள் எரிச்சலாக இருந்தது.

அவர் வந்த புதிதில் எழுதி மாட்டிய பலகை இன்னும் கடையில் இருக்கிறது: "பழைய பேரிங்கைக் கழுவாமல் கொண்டு வரவும்." நம் ஊர்ப்பக்கம் மாதிரிக்குக் கொண்டு வரும் பழைய பேரிங்கை எல்லாரும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, பளபளவென்று எடுத்து வருவார்கள். அது ஒரு மரியாதை. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் கடைக்கு அழுக்குச் சாமானை எப்படிக் கொண்டு போவது என்ற கூச்சமும் உண்டு. செத்துப்போன காரணம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது, அதை மண்ணெண்ணெயில் விட்டுவிட்டு வருகிறார்களே என்று தாஸ் சார் அங்கலாய்ப்பார். பலகையைப் பார்த்த லாரிப் பட்டறைக்காரர் ஒருவர், "என்னா மாமா, பேரிங்கு குளிக்கக் கூடாது சரி, நாங்க குளிச்சிட்டு வரலாமா?" என்று கேட்டார். அதன் பிறகு கடைத்தெருவில் தாஸ் சாருக்கு போஸ்ட்மார்ட்டம் என்றே பெயராகிவிட்டது. அவருக்கு அதில் பெருமைதான்.

சிதம்பரத்துக்கு வெளியே கலியபெருமாள் என்பவருக்கு அரிசி மில் இருந்தது. புழுங்கல் நெல்லை உலர்த்த வெந்நீராவிச் சூட்டில் காற்றடிக்கும் பெரிய விசிறி ஒன்று அங்கே உண்டு. அந்த விசிறியின் பேரிங் ஒரு கார்த்திகை மாதம் போனது. மில் மெக்கானிக் முருகேசன் வழக்கம்போலக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். தகட்டு மூடி போட்ட பேரிங். தவிட்டுத் தூசி உள்ளே போயிருக்கும் என்று எண்ணி தாஸ் சார் ரப்பர் மூடி போட்டதைக் கொடுத்தார். எனக்கு உள்ளூர வெற்றிக் களிப்பு.

கோடையில் அதுவும் போனது. இந்த முறை தாஸ் சாரே சிதம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விசிறியை ஒட்டியே வெப்பக் குழாய். அந்தச் சூட்டில் ரப்பர் உதடு காய்ந்து முறுக்கு போல நொறுங்கியிருந்தது. "நான் குடுத்ததுதான் தப்பு மேடம்!" என்று, ஏதோ பரிசு வாங்கி வந்தவர் போலச் சொன்னார். சூடு தாங்கும் ரப்பர் உண்டு, அந்த அளவில் அப்போது எங்களுக்குக் கிடைக்கவில்லை. மறுபடி தகட்டுக்கே போனோம். விசிறி ஆடி, ஆவணி எல்லாம் சத்தமில்லாமல் ஓடியது. அடுத்த கார்த்திகையில் மறுபடி இரைச்சல்.

இந்த முறை கலியபெருமாள் பொறுக்கவில்லை. முருகேசன் கிரீஸ் வைக்காமல் தூங்குகிறான், பொங்கலோடு அவன் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூடி போட்ட பேரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் வைக்க வழியே இல்லை என்று முருகேசன் சொன்னது எடுபடவில்லை. அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவளை அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்த்திருந்தார். கடை வாசலில் நின்று, "என் வேல போறது போவட்டும் சார். நான் என்னா தப்பு பண்ணுனேன்னாவது சொல்லுங்க" என்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பேரிங். கழுவாதது.

அன்று நாங்கள் மூவரும் கல்லா மேசையிலேயே அதைப் பிரித்தோம். தாஸ் சார் சிறிய திருப்புளியால் தகட்டை நெம்பி எடுத்தார். உள் பக்கத்து கிரீஸ் தேன் நிறத்தில் நன்றாக இருந்தது. வெளிப் பக்கத்து கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தது, அதனடியில் துரு. தண்ணீர் போயிருக்கிறது. ஆனால் விசிறி கூரைக்குக் கீழே இருக்கிறது, மழை அங்கே எட்டாது. தகட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. தவிடு என்றார் தாஸ் சார். தவிடு என்றார் முருகேசன். எனக்கு அந்த நிறம் தவிடாகத் தோன்றவில்லை. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன்.

"சார், இது சந்தனம்."

தாஸ் சார் வாங்கி முகர்ந்தார். முருகேசனிடம் நீட்டினார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆயுத பூஜை! கார்த்திகைக்குச் சில வாரம் முன்னால் வருவது. சந்தனம் போன வழியில்தான் தண்ணீரும் போயிருக்க வேண்டும்.

"யாரு கழுவுறது, நீங்களா?" என்று கேட்டார் தாஸ் சார்.

முருகேசன் தலை குனிந்தார். "மொதலாளிதாங்க. எங்கள யாரையும் தொட உடமாட்டாரு."

அதுவரை இருந்த சந்தோஷம் எங்களிடமிருந்து சட்டென்று இறங்கியது. முதலாளியின் பக்திதான் காரணம் என்று யார் போய்ச் சொல்வது? முருகேசன் சொன்னால் பொங்கல் வரைகூட வேலை இருக்காது. "நான் சொன்னா வேற மாதிரி கேக்கும் மேடம். வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன் வந்து பூஜைய கொற சொல்றான்னு ஆயிடும்" என்றார் தாஸ் சார். நானும் கூட வருவதாகச் சொன்னேன். சிதம்பரம் பஸ்ஸில் வழி நெடுக, எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியங்களை மனதுக்குள் அமைத்துக்கொண்டே போனேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

கலியபெருமாள் எங்களுக்கு டீ சொன்னார். விசிறியின் நெற்றியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. "நல்லா அலங்காரம் பண்ணியிருக்கீங்க" என்றேன், உண்மையாகவே.

"வருஷத்துக்கு ஒரு நாளும்மா. எனக்குச் சோறு போடுற மிசினு. ஓஸ் புடிச்சி என் கையால குளிப்பாட்டுனாதான் எனக்குத் திருப்தி."

அடுத்து என்ன சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது தாஸ் சார் கேட்டார், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரலில்: "ஐயா, வூட்ல சின்னக் கொழந்தயக் குளிப்பாட்டுறப்ப காதுல தண்ணி போவாம எப்படிப் பாத்துக்குவாங்க?"

"கையால மூடிக்குவாங்க. இது என்னா கேள்வி தாஸு?" என்று சிரித்தார் கலியபெருமாள். சிரிப்பு பாதியில் நின்றது. விசிறியைப் பார்த்தார். தாஸ் சார் பிரித்த பேரிங்கை மேசைமேல் வைத்தார். கலியபெருமாள் அதை எடுத்து, வெளுத்த கிரீஸைத் தொட்டு முகர்ந்தார். சற்றுத் தள்ளி நின்ற முருகேசனை ஒருமுறை பார்த்தார்.

"இதான் காதா?"

"ஆமாங்க. தகடு ஒட்டி மூடாது, கொஞ்சம் சந்து இருக்கும். மத்த நாள்ல அதுதான் நல்லது, சூட்டுக்கு ரப்பரு நிக்காது. அந்த ஒரு நாளுதான்..."

அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுவதும் தவறான மூடியைப் போடுவதா, வருடம் முழுவதற்குமாக அந்த ஒரு நாளை விட்டுவிடச் சொல்வதா என்று நான் பஸ்ஸில் குழம்பியிருந்தேன். விடையைக் கலியபெருமாளே சொன்னார். "அப்ப மொதல்ல வஸ்திரம் சாத்திடுறேன். உள்ள பிளாஸ்டிக்கு சுத்தி, மேல பட்டுத் துணி கட்டிட்டு, அப்புறம் தண்ணி ஊத்துறேன். சாமிக்கும் கொறயில்ல, காதுக்கும் கொறயில்ல."

"இது எனக்குத் தோணல ஐயா" என்றார் தாஸ் சார். முகஸ்துதி இல்லை, அவருக்கு நிஜமாகவே தோன்றியிருக்கவில்லை.

கலியபெருமாள் முருகேசன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, தை மாசம் எங்கயோ போறேன்னியே, போவலியா?"

"போவலீங்க" என்றார் முருகேசன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த விசிறி பட்டுடுத்திக் குளித்தது. அந்தக் கார்த்திகையில் சத்தம் வரவில்லை. அதிலிருந்து வருடா வருடம் பூஜை முடிந்ததும் சிதம்பரத்திலிருந்து பொரியும் கடலையும் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தாஸ் சார் மேசையில் பேரிங்குகளுக்கு நடுவே அதைக் கொட்டி வைத்துக்கொண்டு கொறிப்பார். அந்தக் கையாலேயே கிரீஸைத் தொடாதீர்கள் என்று நான் கத்துவேன்.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தது. நாலைந்து நாள் கழித்துக் கடையைத் திறந்தபோது முதலில் வந்தவர் முருகேசன். இறப்புக்கும் வந்திருந்தவர்தான். கல்லா முன்னால் வந்து நின்று, பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். மில்லில் வேறொரு மோட்டாருடையது.

"சார் இல்லன்னு தெரியும் மேடம். ஆனாலும் கழுவல."

தாஸ் சாரின் இழுப்பறையிலிருந்து அந்தச் சிறிய திருப்புளியை எடுத்தேன். அவர் திங்கட்கிழமை காட்ட நினைத்தது என்ன என்று அங்கே தேடினேன், எதுவென்று தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான், அவர் முதலில் கேட்கும் அந்தக் கேள்வி. தொட்டுக் காப்பதா, தொடாமல் காப்பதா என்ற எங்கள் சண்டையில் இப்போது எனக்குக் கட்சி இல்லை.

முருகேசனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பேரிங்க அப்புறம் பாப்பம். வெளிய என்னா இருக்கு, அதச் சொல்லுங்க."