அருணாதேவி மூடிய ஜன்னல்கள்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி நாலு கடை தள்ளி அருணாதேவியின் பிரவுசிங் சென்டர் இருந்தது. அதற்கு முன்னால் அதே இடத்தில் அவள் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவள். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் 1991இல் பூத் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசுகிறவர்களின் முகம் தெரியாதபடி தெருப் பக்கம் திரும்பிக்கொள்வாள். யாராவது அழுத கண்ணோடு வெளியே வந்தால் முதலில் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள், பில் அப்புறம்தான்.

கல்யாணம் ஆகவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "பாக்க வந்தவங்க காலைத் தவிர வேற எதையும் பாக்கலைங்க" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், கேட்டவர்தான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

எல்லாரிடமும் செல்போன் வந்த பிறகு பூத்தில் கூட்டம் குறைந்தது. நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாள். பத்தாவது வரைதான் படிப்பு, ஆனால் பழுதுபார்க்க வரும் மாறன் செய்வதையெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் தியானம் முடிந்து வந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். உள்ளூர்க்காரர்கள் ரயில் டிக்கெட், வேலைக்கு விண்ணப்பம், ஜாதகம் என்று வந்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, விளம்பரம் ஒன்றைத் தவிர. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் மேல் ஒரு குட்டி ஜன்னல் குதித்து வரும். மூடினால் இன்னும் இரண்டு வரும். 'நீங்கள்தான் பத்து லட்சமாவது பார்வையாளர்' என்று ஒன்று மின்னும். இன்னொன்றில் பாதி உடுத்திய ஒரு பெண் கண்ணடிப்பாள். காவியில் இருக்கும் சாமியாரோ, மகளுக்கு வரன் பார்க்க வந்த தாயோ உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் தவறாமல் வருவாள். அதற்காகவே அருணாதேவி மேஜையில் பூப்போட்ட துவாலை ஒன்று வைத்திருந்தாள். "அருணாக்கா" என்று யாராவது ஒரு மாதிரிக் குரலில் கூப்பிட்டால் போதும். கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்து போய்த் துவாலையை மானிட்டர் மேல் போட்டு மூடிவிட்டு, அதற்கு அடியில் கையை விட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவாள்.

மாறனிடம் வழி கேட்டாள். அவன் ஒரு சி.டி.யில் இலவசத் தடுப்பான் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அந்தத் தடுப்பானே தன் சொந்த விளம்பரத்தைக் காட்டத் தொடங்கியது. திருடனைக் காவலுக்கு வைத்த கதைதான் என்று சொல்லி அதை அன்றைக்கே எடுக்க வைத்தாள்.

அடுத்து அவன் கொண்டுவந்தது ரொம்பக் கறாரானது. புதிதாக எந்த ஜன்னல் திறந்தாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் அடைத்துவிடும். திரையின் மூலையில் ஒரு சிறு சிவப்புப் பொட்டும், அன்றன்றைக்கு எத்தனை அடைத்தது என்ற எண்ணும் தெரியும். ஒரே நாளில் அந்த எண் இருநூறைத் தாண்டியதைப் பார்த்து அருணாதேவிக்குப் பரம திருப்தி. துவாலையைத் துவைத்து மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

இது 2006 ஏப்ரலில். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது.

அன்று காலை ஒன்பதரைக்கே கடை நிறைந்துவிட்டது. முதலில் வந்தவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடும் சக்கரபாணி. கூட அவர் மகள் சிந்துஜா. ஹால் டிக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டு, எண்ணை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்து வந்திருந்தாள். அருணாதேவியே எண்ணைத் தட்டிப் பொத்தானை அழுத்தினாள். பக்கம் ஒரு முறை சிமிட்டியது. பழையபடி வெறும் கட்டம் வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். அதேதான். சர்வர் பிஸியாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.

சக்கரபாணி பொறுக்கவில்லை. அவர் காலத்தில் ரிசல்ட் பேப்பரில்தான் வரும். தேறியவர்கள் எண் மட்டும் அச்சாகும். எண் இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நம்பர் இல்லைன்னா இல்லதாம்மா. வா, போலாம்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அதட்டவில்லை. அந்தப் பெண்ணும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் இறங்கிப் போனாள். அருணாதேவி தண்ணீர் எடுக்கத் திரும்புவதற்குள் இருவரும் ரோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

அடுத்து உட்கார்ந்தவர் முருகையன், பள்ளிக்கூட ஆசிரியர். தன் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரின் எண்களை எழுதி வந்திருந்தார். முதல் எண்ணுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது எண்ணைத் தட்டிவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுமா. இவ ஃபெயிலாக சான்ஸே இல்ல. உங்க மெஷின்லதான் என்னமோ கோளாறு."

அருணாதேவி குனிந்து பார்த்தாள். அவர் இன்னொரு முறை பொத்தானை அழுத்தினார். மூலையில் சிவப்புப் பொட்டின் எண் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு ஆனது.

ரிசல்ட் காட்டும் அந்தத் தளம் மதிப்பெண்களைத் தனியாக ஒரு குட்டி ஜன்னலில் திறந்து காட்டுகிறது. தடுப்பான் அதையும் விளம்பரக் கணக்கில் சேர்த்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு இப்போதுதான் அது புரிந்தது. தடுப்பானை நிறுத்தினாள். பள்ளியின் முதல் மாணவியின் மதிப்பெண்கள் பளிச்சென்று வந்தன. முருகையன் மகிழ்ச்சியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் கேட்கவில்லை. விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடந்த துண்டுக் காகிதத்தை எடுத்து சிந்துஜாவின் எண்ணைத் தட்டினாள். தேர்ச்சி. 931.

அதை அச்செடுத்து மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். கடையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளும்படி முருகையனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பின்பக்கம் இரண்டு துணைச் சக்கரம் பொருத்திய அவளுடைய ஸ்கூட்டி வழக்கமாக மாட்டு வண்டியோடு போட்டி போடுகிற வேகத்தில்தான் போகும். அன்று தேரடி வீதியில் பூக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேரும் ஒரு பெண் என்ன செய்வாள் என்ற யோசனை அவளை விரட்டிக்கொண்டே வந்தது. மே மாதங்களில் பேப்பரில் வரும் செய்திகளை அவளும் படிக்கிறவள்தான்.

பஸ் ஸ்டாண்டில் கீழ்பென்னாத்தூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. படி ஏற அவளால் முடியாது. வண்டிக்கு நேர் முன்னால் ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தினாள். டிரைவர் வாய்க்கு வந்தபடி பேசினார். கண்டக்டர் இறங்கி வந்தபோது, சக்கரபாணி என்று ஒருத்தர், கூட ஒரு பொண்ணு, கூப்பிடுங்கள் என்றாள். அதற்குள் நடு ஜன்னலில் சக்கரபாணியின் தலைப்பாகை தெரிந்துவிட்டது. ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கட்டையை ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்று காகிதத்தை நீட்டினாள்.

"தப்பு என் மேலதாங்க. வெளம்பரம் வராம இருக்க மெஷின்ல ஒண்ணு போட்டு வெச்சேன். அது ரிசல்ட்டையும் சேத்து மூடிடுச்சு. உங்க பொண்ணு பாஸுங்க. தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு."

சக்கரபாணி காகிதத்தை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளிடம் கொடுக்காமல் அருணாதேவியிடமே திருப்பி நீட்டி, இன்னொரு வாட்டி படிம்மா என்றார். சிந்துஜாவின் பெயரிலிருந்து தொடங்கி முழுவதையும் உரக்கப் படித்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். டிரைவரும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து சிந்துஜா கேட்டாள், "கணக்குல எவ்ளோக்கா?"

"நூத்தி எழுபத்தெட்டு."

அதுவரை அடக்கி வைத்திருந்த பெண் அப்போதுதான் அழுதாள். சக்கரபாணி வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுக்கப் போனார். அருணாதேவி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பஸ்ஸுக்கு வழி விடத் திரும்பினாள்.

அன்று மாலையே கறாரான தடுப்பானை நான்கு மெஷினிலிருந்தும் எடுத்துவிட்டாள். துவாலை திரும்பி வந்தது. அடுத்து எதைப் போடுவது என்பதில் அவசரப்படவில்லை. மாறன் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் கடைசி மெஷினில் மட்டும் போட்டு, ரயில் டிக்கெட், வேலை விண்ணப்பம், பழைய ரிசல்ட் பக்கம் என்று தானே திறந்து பார்த்தாள். ஏதாவது ஒன்று திறக்காவிட்டாலும் சி.டி. திரும்பிப் போய்விடும்.

ஆசிரமத்துக்கு வரும் ஒரு போலந்துக்காரப் பெண், கேட்காமலே ஒரு மெஷினில் ஃபயர்பாக்ஸ் என்ற பிரவுசரை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். நரி படம் போட்டது. அது குட்டி ஜன்னல்களை அடைத்தது. ஆனால் அடைத்த கையோடு மேலே ஒரு மஞ்சள் பட்டையில், ஒன்றை அடைத்திருக்கிறேன், வேண்டுமானால் திறந்துகொள் என்றும் சொன்னது. அந்த மரியாதை அருணாதேவிக்குப் பிடித்துவிட்டது. பக்கத்துக்குள்ளேயே மின்னும் படங்களுக்கு அதோடு ஆட்பிளாக் என்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாறன் விசாரித்து வந்து சொன்னான். யாரோ தயாரித்த பட்டியலை அதற்குக் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே மறைக்கும். பட்டியல் இல்லாமல், பிடிக்காத படத்தின் மேல் அழுத்தி நாமே ஒவ்வொன்றாக மறைக்கவும் செய்யலாம். அவள் இரண்டாவதைச் சொன்னாள். மாறன் சிரித்தான், கிழவியாகிற வரைக்கும் அழுத்திக்கிட்டே இருக்கணும் என்றான்.

"இருக்கட்டும். எதை மூடறேன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

தினமும் காலையில் சாம்பிராணி காட்டியதும் ஒரு மணி நேரம் அதுதான் வேலை. கண்ணடிக்கும் பெண் முதலில் போனாள். பத்து லட்சமாவது பார்வையாளர் போனார். ஒரு மாதத்தில் திரை துடைத்து விட்டதுபோல ஆனது.

அப்போதுதான் அடி அண்ணாமலையிலிருந்து வரும் இருசப்பன் ஒரு குறையோடு வந்தார். அவர் மகன் குவைத்தில் இருந்தான். வாரம் ஒரு முறை அவனுடைய கடிதத்தை அருணாதேவி திறந்து படித்துக் காட்டுவாள். அன்று படித்து முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. திரையின் மேல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஏரோப்ளேன் எங்கம்மா? பையன் லெட்டருக்கு மேல சின்னதா பறந்து போவுமே."

ஒரு விமானக் கம்பெனி விளம்பரம் அது. போன வாரம்தான் அதை மறைத்திருந்தாள். அது பையன் அனுப்பியது இல்லை, கம்பெனிக்காரர்கள் போடுவது என்று மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும்மா" என்றார் இருசப்பன். "இருந்தாலும் பாக்க நல்லா இருந்துச்சு. அங்க இருந்து இந்தப் பக்கமா வர மாதிரி."

அருணாதேவி மறைத்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். நூற்றுச் சொச்சம் வரிகளில் அந்த ஒரு வரியைத் தேடி எடுத்து நீக்கினாள். பக்கத்தை மறுபடி திறந்ததும் வலது மூலையிலிருந்து விமானம் புறப்பட்டது. அது முழுதாகக் கடந்து போகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.