மூன்றாம் சோதனையில் செத்தவன்

போன ஆடி மாதம் முழுக்க நான் ஒரு தடிப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். மந்திரம் படிக்கிற பையன் ஒருவனுக்கு மூன்று சோதனைகள். முதலில் பேசுகிற பாம்புகள் நிறைந்த கிணறு, அடுத்து தன் நிழலோடு சண்டை, கடைசியில் பற்றியெரியும் மலை. சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதைதான். கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவள் அதை வாயைப் பிளந்துகொண்டு படித்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தையாவது சகித்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் மாதக்கணக்கில் வடக்கேதான் பிழைப்பு. அப்போது சத்தீஸ்கர் பக்கம் ஏதோ மலைக்காட்டில் இருந்தார். அங்கே மழை கொட்டித் தீர்க்கிறது, பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது என்று டிவியில் காட்டினார்கள். அவர் போனும் அணைந்துபோனது. ரிக் ஆபீசில் கேட்டால், "டவர் இல்லீங்க, வந்துரும்" என்ற ஒரே பாட்டு. எனக்கு அழத் தெரியாது, எரிந்து விழத்தான் தெரியும். புத்தகத்தைத் திறந்தால் கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

என் மாமியார் ஒருநாள், "என்ன கதை சாமி அதுல?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். அதிலிருந்து பிடித்துக்கொண்டார். வெங்காயம் உரிக்கும்போதும் கேள்வி, எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்போதும் கேள்வி.

"அந்தப் பையன் கெணத்த உட்டு ஏறிட்டானா கண்ணு?"

"ஏறிட்டானுங்கத்தை."

உடனே அவர் முகம் தெளியும். அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கும். இந்த வயதில் இவருக்குக் கதைப் பைத்தியமா என்று சிரித்துக்கொண்டேன். எனக்கு மரமண்டை.

அத்தை வாக்குப் பார்க்கிறவர். எந்தக் காரியமானாலும் அதை மனதில் நினைத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் வாசலில் போய் நிற்பார். போகிறவர் வருகிறவர் வாயிலிருந்து முதலில் விழுகிற சொல்தான் ஆத்தாவின் பதில். எவனோ மூட்டைக்காரனிடம் "ஏத்துடா, ஏத்து" என்று கத்தியதைக் கேட்டுத்தான் என்னையே மருமகளாக ஏற்றுக்கொண்டாராம். இதைச் சொல்லி அவரை எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறேன். அப்படியும் எனக்குப் புரியவில்லை.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் நம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். புரியாத இந்தியில் ஒரு பெண் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். போனை மெத்தையில் எறிந்துவிட்டுத் திரும்பினால், கதவருகே அத்தை.

"எரியற மலையத் தாண்டிட்டானா சாமி?"

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"செத்துப் போயிட்டானுங்க! போதுங்களா? இனிமேலு கேக்காதீங்க."

அந்த இடத்தை நான் இன்னும் படித்திருக்கவேயில்லை. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எம் பையன நெனச்சுத்தானே சாமி கேட்டேன்" என்றார்.

ஐயோ! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினேன். பையன் முடி கருகி, உயிரோடு வெளியே வருகிறான். சத்தமாகப் படித்துக் காட்டினேன். "பொய் சொல்லிட்டேனுங்கத்தை, பாருங்க, வந்துட்டான்" என்று கெஞ்சினேன். அவர் புத்தகத்தின் பக்கமே திரும்பவில்லை.

"என்னத் தேத்தாத கண்ணு. ஆத்தா வாக்கு உன் வாயில வந்துருச்சு" என்றார். அதன்பிறகு அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மறுநாள் ஏதோ லாரிக்காரர் போனிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். பாலம் உடைந்து ஒரு கிராமத்தில் மாட்டிக்கொண்டார்களாம், எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்களாம். அத்தை போனை வாங்கி, மகன் குரலைக் கேட்டு அழுதுகொண்டே இருந்தார். நானும் அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி அர்ச்சனைக்குப் பேர் கேட்டார். அத்தை மகன் பேரைச் சொல்லிவிட்டு என் கையைத் தொட்டார்.

"அந்தப் பையன் பேரென்ன சாமி?"

"எந்தப் பையனுங்கத்தை?"

"பொஸ்தகத்துல செத்தவன். எம் பையனுக்கு வந்த கண்டத்த அவன் வாங்கிட்டுப் போயிட்டான். பாவம், அவனப் பெத்தவளுக்கு இனி ஆரு இருக்கறா?"

பூசாரி தட்டோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையைக் குனிந்தபடி அந்தப் பேரைச் சொன்னேன்.