கருப்பட்டி கணக்கில் சேராது

மதியம் மூன்று மணி ஆகிவிட்டால், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். காபியும் கேக்கும் வருகிற நேரம். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகிறது, இந்தக் காட்சி மட்டும் இன்னும் எனக்குப் பழகவில்லை. ஏனென்றால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கேக் உண்டு. வந்த முதல் வாரத்தில் நான் பதறிப்போய் ஓர் அம்மாளின் தட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துவிட்டேன். தலைமை நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, "அது அவருடைய கேக். அதற்குத் தக்க ஊசி போடுவதுதான் நம் வேலை" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்டால் வீடே போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடும். டப்பாக்கள் மேல் அலமாரிக்கு ஏறும். வந்தவன் போனவன் எல்லாம் வைத்தியம் சொல்வான். நோயாளி அடுப்படியில் திருடித் தின்பார். இங்கே வெள்ளைத் துணி விரித்த மேஜையில், வெள்ளி முட்கரண்டியோடு, நிதானமாகத் தின்கிறார்கள்.

என் பொறுப்பில் இருப்பவர் ஃப்ராவ் லேமான். ஃப்ராவ் என்பதை நம் 'அம்மாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பத்தொன்பது வயது, வெகுகாலமாகச் சர்க்கரை. தினமும் ஒரு துண்டு ஆப்பிள் கேக், அதற்கு முன்னால் என் ஊசி. காலையில் அவருடைய இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து, விரலிடுக்கு விடாமல் பார்த்து, கிரீம் தடவி, சாக்ஸ் மாட்டிவிடுவதும் நான்தான். அந்தப் பத்து விரல்களையும் கண்ணை மூடிக்கொண்டு தடவி அடையாளம் சொல்வேன். என் அம்மாவின் பாதத்தைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது காலில் விழுந்து கும்பிடுகிறோமே, அது தொட்டதாகாது.

இந்த வருடத் தொடக்கத்தில் என் சர்க்கரையும் எல்லையில் வந்து நிற்கிறது என்றார் டாக்டர். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வீடு வந்தால், ஐந்தரை மணிக்கு எனக்கு ஒரு பேய் பிடிக்கும். பிஸ்கட், சாக்லேட், அதுவும் இல்லாவிட்டால் வெறும் சீனி ஒரு கரண்டி. பசியே இருக்காது. வாய் மட்டும் கேட்கும். "மூன்று வாரம் இனிப்பை அடியோடு விட்டுப் பாருங்கள். நாக்கு அடங்கிவிடும்" என்றார் டாக்டர். மூன்று வாரம் என்ன பெரிய காரியம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி பையில் இருந்த கடைசிச் சாக்லேட்டைத் தின்று முடித்தேன்.

அதே வாரத்தில்தான் சாத்தூரிலிருந்து என் தங்கை பாண்டிச்செல்வி போன் செய்தாள். அம்மாவும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அப்பா இல்லை. அம்மாவின் வலது காலில் சுண்டுவிரலுக்கு அடுத்த விரலில் கருவேல முள் ஏறிப் புண்ணாகிவிட்டதாம். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. இவ சும்மா ஊரக் கூட்டுறா."

"முள்ளு எப்பம்மா குத்துச்சு?"

"அதத்தான் யோசிக்கேன். குத்துனதே தெரியல."

குத்தினது தெரியவில்லை என்றால் விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போடுவாள், போட்டுவிட்டு டீயில் இரண்டு கரண்டி சீனியும் போடுவாள். மூன்று வாரத்தில் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அங்குள்ள டாக்டர் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். அம்மா மசியவில்லை. "நீ அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு அதத் திங்காத இதத் திங்காதன்னா எப்பிடி? நீ விடுவியா?" என்றாள். விடுகிறேன், இருபத்தொரு நாள், இருவரும் சேர்ந்து விடுவோம் என்றேன். இருபத்தொரு நாளா என்று அம்மா ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிறேன். காலு நல்லாச்சுன்னா வெள்ளித்தகட்டுல கால் வாங்கிப் போடுறேன்" என்றாள். நான் டாக்டருக்காகவும் அவள் மாரியாத்தாளுக்காகவும் ஒரே நாளில் தொடங்கினோம்.

முதல் நான்கு நாள் நரகம். தலைவலி, எரிச்சல், யாரைக் கண்டாலும் கோபம். ஃப்ராவ் லேமானின் கேக்கை வெட்டும்போது லவங்கப்பட்டை வாசனை மூக்கில் ஏறும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவேன். உடன் வேலை செய்யும் பெண்ணின் பிறந்தநாள் வந்தது. இந்த ஊரில் பிறந்தநாள்காரரே கேக் செய்து எல்லாருக்கும் கொண்டுவர வேண்டும், அதை வேண்டாம் என்பது அவரையே வேண்டாம் என்பது போல. நான் வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்திய விரதமோ என்று கேட்டாள், அதற்கு இங்கே ஃபாஸ்டன் என்று பேர். இல்லை, என் அம்மாவுக்காக என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போது இறந்தார்?" என்றாள். இறக்கவில்லை, கால்விரலில் முள் குத்திவிட்டது என்று விளக்கினேன். சாத்தூரில் ஒருவர் விரலில் முள் குத்தினால் ஜெர்மனியில் ஒருத்தி கேக் தின்னமாட்டாள் என்பதை அவளுக்கு எந்த மொழியில் புரியவைப்பது? அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை எனக்குத் தெரியும், புரியாதபோது நானும் இங்கே அப்படித்தான் செய்கிறேன்.

ஒரு வாரம் தாண்டியபோது தலைவலி போனது. கேரட் இனிக்கத் தொடங்கியது. வெறும் பாலே இனித்தது. ஆனால் ஐந்தரை மணி மட்டும் போகவில்லை. நாக்கு கேட்கவில்லை, ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ பரபரக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன். கீழே தெரு காலியாக இருக்கும். திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். தின்பதற்கு ஒன்றும் இல்லாததால்தான், யாருக்காக இப்படி ஜன்னலுக்குப் போகிறேன் என்று யோசிக்க நேர்ந்தது.

அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் கம்பெனி என்போம், ஆபீஸ் என்போம், தொழிற்சாலை என்று சொல்லிக் கேட்டதில்லை. காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், மாலை ஐந்தரைக்குத் தெருமுனையில் இறக்கிவிடும். முழங்கை வரை அலுமினியப் பவுடர் ஒட்டி அம்மாவின் கை வெள்ளியாக மின்னும். நாலு மணிக்குக் கம்பெனியில் கடுங்காப்பியும் கடித்துக்கொள்ள ஒரு சில்லு கருப்பட்டியும் கொடுப்பார்கள், தொண்டையில் இருக்கிற தூசி இறங்கிவிடும் என்று. அம்மா கருப்பட்டியைக் கடிக்கமாட்டாள். வீணான லேபிள் தாளில் மடித்து, முந்தியில் முடிந்துகொண்டு வருவாள். நானும் தங்கையும் தெருமுனையில் நிற்போம். அம்மா வேனிலிருந்து இறங்கி முடிச்சை அவிழ்த்து, சில்லைப் பல்லால் இரண்டாக உடைத்துத் தருவாள்.

ஒருநாள் மதியம் மேற்கே பெரிதாகச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தரைக்கு வேன் வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை. தெருமுனையில் கூட்டம் சேர்ந்தது. இருட்டுகிற நேரத்தில் வேன் வந்தது. மூன்றாவதாக அம்மா இறங்கினாள். வெடித்தது பக்கத்துக் கம்பெனியாம். அம்மா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். பிறகு கருப்பட்டியை என் வாயில் திணித்தாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. இனிப்பு வாய்க்குள் வந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதை இந்த உடம்பு இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. டாக்டர் நாக்கு அடங்கும் என்றார், அது அடங்கிவிட்டது. இதற்கு அவரிடம் மருந்து கிடையாது.

இனி பன்னிரண்டாம் நாளுக்கு வருகிறேன். தினமும் எனக்கு நான்கு மணி, அம்மாவுக்கு இரவு எட்டரை மணிக்கு வீடியோவில் பேசுவோம். "இன்னைக்கும் சீனியத் தொடல தாயி" என்பாள், தங்கை மீட்டரைக் காட்டுவாள். எண் இறங்கவே இல்லை. போன வாரத்தைவிட ஏறியிருந்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. அன்று எனக்கு இரண்டு பேர் வேலை, முதுகு ஒடிந்துவிட்டது. பொறுமை போய்விட்டது.

"பொய் சொல்லாதம்மா. நான் இங்க வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். நீ அங்கன ஒளிச்சுத் திங்கிற."

அம்மாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. தங்கை குறுக்கே வந்தாள். "அக்கா, அம்மா சத்தியமா சீனியத் தொடல. நாந்தான பாக்கேன். மூணு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான் குடிக்குறாக."

"என்னது?"

"கருப்பட்டிக் காப்பிதான் தாயி" என்றாள் அம்மா. "சீனிய விட்டதும் ஒருமாதிரி வந்துச்சு. அதான் கொஞ்சம் கூடப் போட்டுக்கிட்டேன். கருப்பட்டி உடம்புக்கு நல்லதுல்ல? அது கணக்குல சேராதே."

"யாரும்மா சொன்னா உனக்கு?" என்று கத்தினேன்.

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீதான சொன்ன. போன தடவ இங்கன வந்துட்டுத் திரும்பிப் போகையில."

உண்மைதான், நான்தான் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன், கார் வாசலில் நிற்க, நான் பெட்டியை மூட முடியாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தபோது, அம்மா கேட்டாள். சீனி போட்ட டீயை விடவே முடியவில்லையே, என்ன செய்ய என்று. "கருப்பட்டி போட்டுக் குடிம்மா, அது பரவால்ல" என்றேன். ஊரே நம்புகிற பேச்சு, என் வாயில் வந்துவிட்டது. நான் நர்ஸ் படித்தவள் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தது. யார் யாரோ வேண்டாம் என்று சொல்லியும், "எம்மக வெளிநாட்டு நர்ஸு, அவளே சொல்லியிருக்கா" என்று வாயை அடைத்திருக்கிறாள். அந்தப் பெட்டிக்குள்ளும் அம்மா ஒரு கிலோ கருப்பட்டி வைத்திருந்தாள். விமான நிலையத்தில் அதிகாரி அந்தக் கறுப்பு வட்டுகளைக் கையில் எடுத்து, முகர்ந்து, இது என்ன என்றார். மரத்திலிருந்து வரும் சர்க்கரை என்று தெளிவாகச் சொன்னேன். யாரோ அந்நியரிடம் சொல்ல முடிந்த உண்மையை என் அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்றே நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினோம். கருப்பட்டியும் போயிற்று. என்னிடம் மிச்சமிருந்த இரண்டு வட்டை நானும் குப்பையில் போட்டேன். மீட்டர் எண் இறங்கத் தொடங்கியது, நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று ஒழுங்காக இறங்கியது. ஆனால் விரல் காத்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தங்கை பேசினாள், நான் இங்கே இல்லத்தில் துணி வைக்கிற அறைக்குள் நின்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மயக்கம் தெளிந்ததும் அம்மாதான் பேசினாள். "வெரலுதான போச்சு, காலு நின்னுச்சுல்ல. நீ சாப்பிட்டியா?" என்றாள்.

இருபத்தொரு நாளையும் அம்மா முடித்தாள். முடித்த வாரமே தங்கையோடு டவுன் பஸ் ஏறி இருக்கன்குடிக்குப் போய் வெள்ளித்தகட்டில் கால் வாங்கிப் போட்டாள். போடுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்துப் போனில் காட்டினாள். "அஞ்சு வெரலு இருக்கு பாரு. நாலு வெரலுக் காலு கேட்டேன், கடைக்காரன் அடிக்க வாரான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா இன்னும் சீனி, கருப்பட்டி இரண்டையும் தொடுவதில்லை. எனக்கும் இப்போது கேக் வாசனை ஒன்றும் செய்வதில்லை. ஐந்தரைக்கு மட்டும் ஜன்னலுக்குப் போகிறேன்.

அம்மா வெள்ளிக்காலைக் காட்டியதற்கு மறுநாள் காலை ஃப்ராவ் லேமானின் பாதங்களை மடியில் எடுத்து வைத்தேன். "இன்றைக்கு மெதுவாகச் செய்கிறாயே" என்றார். அம்மாவுக்குக் கால் சரியில்லை என்றேன். அவர் என் தலையைத் தடவி, "இங்கே கூட்டிவந்துவிடு. உன்னைப் போல் கால் பார்க்கிறவர் அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கிரீமை எடுத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்து இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.